ஆம்ப் குரூப்பில் அட்மின் ஆகச் சொல்கிறார்கள், மனம் நோகாமல் மறுப்பது எப்படி?

ட்வீட்டர்:
ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்கிறவர்களின் டெலிகிராம் குரூப். 5200/1943 டிரான்சிஸ்டர் போர்டு, டிடிஏ7294 ஆம்ப் ஐசி, சப் ஊஃபர் பெட்டி அளவு, இதுதான் தினசரிப் பேச்சு. நடத்துகிற அண்ணன் என்னை அட்மினாக இருக்கச் சொல்கிறார். ஹம் (ஸ்பீக்கரில் விடாத இரைச்சல்) வருது, டிரான்சிஸ்டர் சூடாகுது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லப் பிடிக்கும். சண்டை விலக்குவதும் ஆளை நீக்குவதும் வேண்டாம். அவரிடம் எப்படிச் சொல்வது?

பயாஸ்:
"பார்க்கலாம்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அட்மின் என்று இருக்கும். டெலிகிராமில் சம்மதம் கேட்காமலே ஒருவரை அட்மின் ஆக்கலாம்.

நேரமில்லை என்ற காரணமும் உதவாது. "ராத்திரி அரை மணி நேரம் பார்த்தால் போதும் தம்பி" என்பார், அதற்கு மேல் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. குரூப்பில் சொல்லாமல் போனில் சொல்லுங்கள். குரூப்பில் மறுத்தால் நாலு பேர் "நீங்கதான் சரியான ஆள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பேசி முடித்ததும் தனிச் செய்தியில் இப்படி:

"அண்ணே, அட்மின் பொறுப்பு எனக்கு வேண்டாம். யாரை நீக்குவது, எதை அழிப்பது என்று முடிவெடுக்கிற வேலை எனக்கு ஒத்துவராது. இப்போது போலவே டெக்னிக்கல் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். குரூப்பின் மேலே பின் பண்ணி வைக்க ஒரு பாதுகாப்புக் குறிப்பும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன்."

இதில் "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சேர்த்தால் அடுத்த மாதம் திரும்பக் கேட்பார்.

ஸீரோவோல்ட்:
அவர் ஏன் ஆள் தேடுகிறார் என்றும் கேளுங்கள். பாதி வேலை செட்டிங்கிலேயே குறையும். சண்டை சூடாகும்போது ஸ்லோ மோடை 5 நிமிடத்தில் வைத்தால் ஒருவர் 5 நிமிடத்துக்கு ஒரு செய்திதான் போட முடியும். லிங்க் பிரிவியூ, ஸ்டிக்கர் அனுமதிகளைத் தனித்தனியாக நிறுத்தலாம். யார் எதை அழித்தார் என்பது ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ் என்ற அட்மின் பதிவில் 48 மணி நேரம் இருக்கும்.

"சரி, பின் பண்ணுகிற உரிமை மட்டும் தருகிறேன்" என்று இறங்கி வந்தால் அதையும் ஏற்காதீர்கள். உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின் பட்டம்தான் தெரியும். டூப்ளிகேட் 5200 வந்துவிட்டது, கடைக்காரர் பணம் தரமாட்டேன் என்கிறார், இதெல்லாம் உங்கள் இன்பாக்ஸுக்கு வரும். சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையின் பெயரைச் சொல்லி ஒருவர் திட்டினால், அது உண்மையா என்று தீர்ப்புச் சொல்லவும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சீரிஸ்பல்பு:
பாதுகாப்புக் குறிப்பு நல்ல யோசனை. ஆனால் "கவனமாக இருங்கள்" என்று எழுதிப் பயனில்லை. ஹம் போக பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்வதுதான் இந்த மாதிரி குரூப்களில் ஆபத்தான பதில். அதற்குப் பதில் என்ன செய்வது என்று எழுதாவிட்டால் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். எர்த் இல்லாத ஆம்ப்பின் இரும்புப் பெட்டியில் லைவ் வயர் பட்டால் ஃபியூஸ் போகாது, பெட்டியில் 230 வோல்ட் நிற்கும்.

எழுதவேண்டியது: பெட்டி நேராக எர்த்தில் இருக்கட்டும். சர்க்யூட் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 35 ஆம்பியர் பிரிட்ஜ் (நாலு டயோடு சேர்ந்த ரெக்டிஃபையர்). பிரிட்ஜின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாக இணைத்து, ஏசி முனை இரண்டில் ஒன்று கிரவுண்டுக்கு, மற்றது பெட்டிக்கு. ஆடியோ உள்ளே வருகிற ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போடாவிட்டால் இத்தனையும் வீண், கிரவுண்ட் சாக்கெட் வழியாகவே பெட்டியைத் தொட்டுவிடும்.

முதல் முறை ஆன் செய்யும்போது: மெயின்ஸ் லைவ் வயரில் 100 வாட் குண்டு பல்பு சீரிஸில். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றி, பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரில் உள்ள சார்ஜை (10000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால்) 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் அரை நிமிடம் இறக்கி, மீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம்.

ட்வீட்டர்:
நன்றி. "அப்போ வேற ஆள் யாருன்னு நீயே சொல்லு" என்று கேட்டால்?

பயாஸ்:
அந்த ஆளிடம் முதலில் கேட்காமல் பெயர் சொல்லாதீர்கள். அவர் சம்மதித்தாலும், எல்லோரிடமும் பணம் வசூலித்து மொத்தமாக வாங்குகிற குரூப் பர்ச்சேஸ் வேலை அட்மின் தலையில் வராது என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.