40-ஆவது திருமண நாள் விருந்துக்கு ஹெர்ப் க்ரஸ்ட் ரோஸ்ட் பீஃப்: மேல்பூச்சு கருகாமல் இருக்க என்ன செய்யலாம்?

லெஸ்டர்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மா அப்பாவுக்கு 40-ஆவது திருமண நாள். வீட்டிலேயே மதியச் சாப்பாடு, மொத்தம் பத்துப் பேர். அதில் நாலு பேர் என் கணவர் பக்கத்து ஆங்கிலேயச் சொந்தங்கள், மிச்சம் நாங்கள். அப்பா மன்னாரில் வளர்ந்தவர், மாட்டிறைச்சி என்றால் அவருக்குக் கறிதான், நன்றாக வெந்து மசாலா ஊறியிருக்க வேண்டும். ஆனால் இங்கே இங்கிலாந்துக்கு வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் ஒரு கிறிஸ்மஸுக்கு மேலே பச்சை இலைகள் ஒட்டிய ஒரு ரோஸ்ட் சாப்பிட்டாராம், அதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதைத்தான் அவருக்குச் செய்துகொடுக்க நினைக்கிறேன்.

போன வருடம் ஒருதடவை சின்னத் துண்டில் செய்து பார்த்தேன். ரோஸ்மேரி, தைம், உள்ளி (பூண்டு), பட்டர் எல்லாவற்றையும் அரைத்து முதலிலேயே பூசி 200 டிகிரியில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மேலே உள்ளி கருகிக் கசந்துவிட்டது. வெட்டினால் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம், நடுவில் பச்சையாகக் குளிர்ந்துபோய் இருந்தது. தட்டில் சிவப்புத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து அம்மா தொடவே இல்லை. அன்று எனக்கு மனது மிகவும் கஷ்டமாக இருந்தது.

என் கேள்விகள் மூன்று. எந்தத் துண்டு வாங்குவது? பூச்சு எப்போது போடுவது? பிங்காக வேண்டும் என்பவர்களையும் "இரத்தம்" என்று பயப்படுபவர்களையும் ஒரே ரோஸ்ட்டில் சமாளிக்க முடியுமா? என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஓவன், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

நீர்கொழும்பான்:

தங்கச்சி, பதினொரு வருடம் லண்டனில் ஹோட்டல் சமையலறையில் ரோஸ்ட் பக்கம் நின்றவன் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் துண்டு. இப்படி ஒரு நாளுக்கு ஃபோர் ரிப் (fore rib, முன்பக்க விலாத் துண்டு) வாங்குங்கள், எலும்போடு. எலும்போடு என்றால் ஆளுக்கு 350 கிராம் கணக்கு, பத்துப் பேருக்கு மூன்று விலா எலும்பு உள்ள மூன்றரைக் கிலோ துண்டு போதும். கடைக்காரரிடம் முதுகெலும்புப் பக்கத்தை அறுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேசையில் வெட்டும்போது கத்தி போகாது. விலை கூடத்தான். ஆனால் உள்ளே கொழுப்பு கோடு கோடாக ஓடுவதால் கொஞ்சம் கூட வெந்தாலும் காய்ந்து போகாது. டாப்சைட் (பின்தொடைத் துண்டு) மலிவு, ஆனால் கொழுப்பு இல்லாத இறைச்சி, 60 டிகிரியைத் தாண்டினால் சக்கை போல ஆகிவிடும். பயப்படுகிறவர்களும் மேசையில் இருப்பதால் டாப்சைட் உங்களுக்கு வேண்டாம்.

போன வருடம் நடந்ததற்குக் காரணம் இரண்டு. உள்ளிக்கும் இலைக்கும் அவ்வளவு நேரம் அந்தச் சூடு தாங்காது. இரண்டாவது, 200 டிகிரியில் வெளிப்பக்கம் வேகமாகச் சூடேறுகிறது, நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் முன்பே ஓரம் வெந்து முடிந்துவிடுகிறது. அந்தச் சாம்பல் வளையம் அதுதான். இதற்கு மருந்து: இறைச்சியைக் குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைப்பது, பூச்சைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போடுவது.

முதல் நாள் சாயந்தரம் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் உப்பு, இடித்த மிளகு தடவி, ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து மூடாமல் ஃபிரிட்ஜில் விடுங்கள். மூடாமல் என்பது முக்கியம். உப்பு உள்ளே இறங்கும், மேல்பக்கம் காய்ந்து தோல் போல ஆகும். ஈரமாக இருந்தால் ஓவன் சூடு முழுக்க அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், நிறம் வராது.

மறுநாள் காலை 120 டிகிரி (ஃபேன் ஓவன் என்றால் 100). தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் இந்த விலைக்கு வாங்கின இறைச்சியைத் தொடாதீர்கள். ஊசி துண்டின் நடுவில் இருக்க வேண்டும், எலும்பில் படக்கூடாது, பட்டால் வேறு கணக்குக் காட்டும். நடுவில் 50 காட்டும்போது வெளியே எடுங்கள். மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகலாம். நேரத்தைத் தீர்மானிப்பது எடையை விடத் துண்டின் தடிப்புத்தான், அதனால் கடிகாரத்தை நம்பாமல் ஊசியை நம்புங்கள்.

எடுத்ததும் ஃபாயிலைத் தளர்வாகப் போட்டு ஒரு மணி நேரம் விடலாம், ஆறிவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் ஓவன் உங்கள் கையில். 220-க்கு ஏற்றி, முன்பே அவித்துக் குலுக்கி வைத்த உருளைக்கிழங்கை அப்போது போடுங்கள். ஒரே ஓவன் உள்ள வீட்டுக்கு இந்த முறைதான் சரி.

பூச்சு: பாண் (ரொட்டி) தூள் 60 கிராம், உருக்கிய பட்டர் 50 கிராம், ஒரு கை நிறையப் பார்ஸ்லி, ரோஸ்மேரி இரண்டு மேசைக்கரண்டி, தைம் ஒரு மேசைக்கரண்டி, உள்ளி நாலு பல். ரோஸ்மேரியைப் பொடியாக நறுக்குங்கள், நீளமாக விட்டால் ஊசி போல வாயில் குத்தும். உள்ளியை அந்தப் பட்டரிலேயே ஒரு நிமிடம் வதக்கிவிட்டுச் சேருங்கள், பச்சை வாடை போய்விடும். எல்லாவற்றையும் கையால் பிசறினால் ஈர மணல் போல, பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும். இறைச்சியின் மேல்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகுப் பசை) இரண்டு மேசைக்கரண்டி பூசி, அதன் மேல் இதை உள்ளங்கையால் அமுக்குங்கள். கடுகுதான் இங்கே பசை. அப்புறம் 230 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம், கண் எடுக்காமல் பாருங்கள். ஓரம் பொன்னிறமாகி மேலே சின்னச் சின்னதாகப் பட்டர் நுரைக்கும்போது எடுத்துவிடுங்கள். நடு 54, 55-ல் வந்து நிற்கும். முன்பே ஆறவிட்டதால் உடனே வெட்டலாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தச் சிவப்புத் தண்ணீர் இரத்தம் இல்லை. இறைச்சித் தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதமும் தண்ணீரும்தான். இரத்தம் இறைச்சி வெட்டும் இடத்திலேயே வடிந்துவிடும்.

ஸ்காபரோ_அக்கா:

தம்பி சொன்ன முறை நல்லதுதான், ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டார். 120 டிகிரியில் வெந்த இறைச்சிக்கு அடியில் தட்டில் சாறு அவ்வளவாக இறங்காது, இறங்கினதும் நிறம் பிடித்திருக்காது. அப்போது கிரேவிக்கு எங்கே போவது? நான் அதனால்தான் பல வருடமாகப் பழைய முறையிலேயே செய்கிறேன். முதல் இருபது நிமிடம் 220, பிறகு 160-க்கு இறக்கிவிடுவேன். ஓரம் கொஞ்சம் கூட வேகும், உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் நன்றாக வெந்த துண்டு கேட்கிற ஆட்கள் பாதிப் பேர், அவர்களுக்கு அந்த ஓரம்தான் வேண்டும்.

மெதுவான முறையிலேயே செய்வதாக இருந்தால், கிரேவியை முதல் நாளே செய்துவிடு பிள்ளை. கடைக்காரர் அறுத்தெடுத்த முதுகெலும்பைக் கேட்டு வாங்கு, சும்மாவே தருவார்கள். வெங்காயம், கேரட்டோடு அதை 200-ல் கரும்பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, தண்ணீர் ஊற்றி மூன்று மணி நேரம் சிம்மில் வை. வடிகட்டிப் பாதியாக வற்றவிட்டால் அந்த வாசனைக்கே ஆட்கள் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். மறுநாள் தட்டில் இருக்கிற கொஞ்சச் சாற்றையும் அதில் சேர்த்துக்கொள்.

நன்றாக வெந்தது கேட்கிறவர்களுக்குத் துண்டுகளை அந்தக் கொதிக்கிற கிரேவியில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் சிவப்பு மாறிவிடும், மென்மை அவ்வளவாகப் போகாது. அம்மாவின் தட்டை நீயே சமையலறையில் இப்படித் தயார் செய்து கொண்டுபோய்க் கொடு.

லெஸ்டர்_மகள்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. இரண்டையும் சேர்த்துத்தான் செய்யப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி, அவளுக்கும் கிரேவியில் போட்டுக் கொடுத்தால் போதுமா? அப்புறம் பக்கத்துக் கடையில் எலும்பு நீக்கி நூலால் சுற்றிக் கட்டின துண்டு வெட்டச் சுலபம் என்கிறார்கள், அதை வாங்கலாமா?

இரவு_ஷிப்ட்:

நான் இங்கே மகப்பேறு வார்டில் நர்ஸ். தங்கைக்குப் பிங்காக ஒரு வாய்கூட வேண்டாம். அரைவேக்காட்டு இறைச்சியைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்பதுதான் என்எச்எஸ் (இங்கிலாந்தின் அரசுச் சுகாதாரச் சேவை) அறிவுரை, முக்கியமாக டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் காரணமாக. அந்தக் கிருமி தசைக்கு உள்ளேயே இருக்கக்கூடியது, அதனால் வெளிப்பக்கம் மட்டும் வெந்தால் போதாது. கிரேவியில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது நிறத்தை மாற்றும், ஆனால் அவள் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். ஒரு சின்ன பிரிஸ்கெட் (நெஞ்சுப் பகுதி இறைச்சி) துண்டை முதல் நாளே மூடியுள்ள சட்டியில் 150 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்துவிடுங்கள். கரண்டி பட்டாலே பிரிகிற மாதிரி வெந்துவிடும். மறுநாள் ஆவி பறக்க நன்றாகச் சூடாக்கி அதே கிரேவியை ஊற்றினால் அவளும் எல்லாரோடும் ஒரே சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும். அம்மாவும் அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

சுற்றிக் கட்டின துண்டைப் பற்றி. முழுத் துண்டில் சாதாரணக் கிருமிகள் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், அது நன்றாக வெந்தால் போதும் என்பதால்தான் உள்ளே பிங்காகச் சாப்பிட முடிகிறது. சுருட்டிக் கட்டும்போது வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. அதனால் சுருட்டின துண்டை உள்வரை முழுக்க வேகவைக்கச் சொல்கிறது இங்கிலாந்தின் உணவுத் தர நிர்ணய அமைப்பு, நடுவில் 70 டிகிரி இரண்டு நிமிடம். அந்த அளவுக்கு வெந்தால் நீங்கள் நினைக்கிற ரோஸ்ட் அது இல்லை. எலும்போடு வாங்குங்கள்.

லெஸ்டர்_மகள்:

நேற்று விருந்து முடிந்தது! எழுதாமல் தூக்கம் வரவில்லை.

காலை எட்டரைக்கு வைத்தேன், பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது 50 காட்டியது. ஒரு மணிக்குப் பூச்சு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஓவன் கதவுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்டும்போது மேல்பூச்சு "கறுக்" என்று உடைந்தது, கருகல் எங்கேயும் இல்லை. உள்ளே ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இளஞ்சிவப்பு, சாம்பல் வளையம் ஒரு நூல் அளவுதான். கடைசியில் 56 வரை போய்விட்டது, அடுத்தமுறை 49-லேயே எடுப்பேன். பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. கத்தியை அழுத்தாமல் ரம்பம் மாதிரி இழுத்து வெட்டினால் உதிரவில்லை என்று மூன்றாவது துண்டில்தான் பிடிபட்டது.

தங்கைக்கென்று செய்த பிரிஸ்கெட்டை அம்மாவும் அவளும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அம்மா தானாகவே ரோஸ்ட்டின் ஓரத்துண்டு ஒன்றை எடுத்துக் கிரேவியில் தோய்த்துப் பார்த்தார். அப்பா எதுவும் பேசவில்லை. இரண்டு துண்டு முடித்த பிறகு, பலகையில் உதிர்ந்துகிடந்த பாண் தூளையும் இலையையும் விரலால் கூட்டி எடுத்துக்கொண்டே, "அன்றைக்குச் சாப்பிட்டதில் இந்தக் கடுகு இல்லை, இது நல்லா இருக்கு" என்றார்.

மிச்சம் இருந்ததை இன்று காலை மெல்லிசாகக் கீறி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பிரட்டிப் பாணோடு சாப்பிட்டோம். எலும்பு மூன்றும் சூப்புக்கு அடுப்பில் இருக்கின்றன.