பாலேவுக்குள் ரும்பா: சேர்ப்பதா, கெடுப்பதா?

ஐந்தாம்நிலை (லண்டன்):

வேலை முடிந்து வருகிறவர்களுக்கான மாலை வகுப்பில் 12 வருஷமாக பாலே கற்கிறேன். மேடை ஏறப்போவதில்லை. ஆனாலும் இந்தக் கலைமேல் உயிரை வைத்திருக்கிறேன், அதனால்தான் மனசு பொறுக்காமல் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன வாரம் ஒரு நடனப் பள்ளியின் ஆண்டு விழா. பள்ளியின் பெயர் வேண்டாம். 'ஜிசேல்' என்ற பழைய பாலே படைப்பின் இரண்டாம் அங்கம் ஆடினார்கள். கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன பெண்கள் ஆவிகளாக வெள்ளை உடையில் நடுராத்திரியில் காட்டில் ஆடும் காட்சி. பாதியில் இசை நின்று காங்கா என்ற கியூப முரசு ஒலித்தது. அதே வெள்ளை உடையில், அதே பாலே காலணியோடு பிள்ளைகள் இடுப்பை ஆட்டி, கியூபாவின் நாட்டார் ஆட்டமான ரும்பாவில் நாலு அடி வைத்தார்கள். பிறகு பழைய இசை வந்தது, மறுபடியும் ஆவிகள் ஆனார்கள். நிகழ்ச்சித் தாளில் 'லத்தீன் பாரம்பரியத்துக்கு மரியாதை' என்று அச்சடித்திருந்தது.

பாலே உடம்பின் எடையை மேல்நோக்கித் தூக்கும் கலை. தொடை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ரும்பா எடையைத் தரைக்குள் இறக்குகிறது, இடுப்பு மட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இலக்கணங்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் இரண்டும் நீர்த்துப்போகும். அவரவர் வீட்டில் அவரவர் இருக்கட்டும் என்பது என் கட்சி.

கடலோரக்காற்று (மொன்றியல்):

நீங்கள் பார்த்தது மோசமான வேலை, அதில எனக்கும் கோபம் வருது. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் பிழையாச் செய்ததை வைச்சு முழுக் கலப்பையும் தள்ளிவைக்க ஏலாது.

பாலே எந்தக் காலத்தில தனிய இருந்தது? 1834இல ஸ்பானிய ஆட்டக்காரர் பாரிசுக்கு வந்து ஆடிச்சினம். 1836இல பாலே ஆட்டக்காரி ஃபானி எல்ஸ்லர் கையில கஸ்தனெட் கட்டையோட 'கச்சூச்சா' எண்ட ஸ்பானிய ஆட்டம் ஆடி அந்த நகரத்தையே கட்டிப்போட்டவ. பாலே அமைப்பாளர் மாரியஸ் பெத்திபா 1840களில மத்ரித்தில வேலை செய்தவர். ஸ்பானிய ஆட்டத்தை நேர பார்த்து, ஆடி, அதைக் காலிலயும் மண்டையிலயும் கொண்டு ருசியாவுக்குப் போனவர். 1869இல மொஸ்கோவில அவர் அமைச்ச 'டோன் கிகோட்டே' அதில இருந்து வந்தது. 'ஸ்வான் லேக்' மூண்டாம் அங்கத்தில ஸ்பானிய ஆட்டம், நாப்பொலி ஆட்டம், ஹங்கேரியின்ர சார்தாஷ், போலந்தின்ர மசூர்க்கா எல்லாம் வரிசையா வருது. இதுகளை எடுத்துப்போட்டால் உங்கட 'சுத்த' பாலேயில என்ன மிஞ்சும்?

கியூபாவுக்கு நான் ரெண்டு தரம் போயிருக்கிறன். அங்க அல்பெர்த்தோ அலொன்சோ 1947லயே 'விடியலுக்கு முன்' எண்டு ஒரு பாலே செய்தவர். ஏழைச் சனம் நெருக்கி வாழுற முற்றம்தான் களம், கியூப ஆட்டங்கள்தான் மொழி. ஆடினது வேற ஆர், அலிசியா அலொன்சோ. உலகத்தின்ர பெரிய ஜிசேல்களில ஒராள் எண்டு பெயர் எடுத்தவவே அதை ஆடினவ.

ஐந்தாம்நிலை:

தகவலுக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன சாட்சிகளே என் பக்கம் பேசுகின்றன.

'ஸ்வான் லேக்' மூன்றாம் அங்கம் அரண்மனை விருந்து. அந்த நாட்டு ஆட்டங்கள் அங்கே விருந்தாளிகளாக வருகின்றன. அதற்குத் தனிக் காலணி, குதிகால் வைத்தது. அதற்குத் தனி வகுப்பே உண்டு. ஏரிக்கரையில் அன்னமாக நிற்கும் ஒதெத் சார்தாஷ் ஆடுவதில்லை. வெள்ளை உடையில் ஆடும் அந்த 'வெள்ளை அங்கத்துக்குள்' யாரும் கை வைக்கவில்லை.

கியூபாவும் அப்படித்தான். 1948இல் அலொன்சோ குடும்பம் தொடங்கிய குழு உலகத்தில் பெயர் வாங்கியது எதனால்? 1943இல் பிரிட்டிஷ் பாலே நட்சத்திரம் அலிசியா மார்க்கோவாவுக்குப் பதிலாக மேடை ஏறி அலிசியா அலொன்சோ ஆடினாரே, அந்த 'ஜிசேல்' போன்ற பழைய படைப்புகளைச் சிதையாமல் காத்ததனால். 1965இல் லோய்ப்பா அராவ்ஹோ பல்கேரியாவின் வார்னா பாலே போட்டியில் தங்கம் வாங்கியதும் பாலேவுக்குத்தான். நாட்டார் ஆட்டங்களுக்கு 1962இல் தேசிய நாட்டார் குழு வந்தது. எல்லாம் கலந்த நவீன ஆட்டத்துக்கு ரமிரோ கெர்ரா 1959இலேயே ஒரு குழு தொடங்கிவிட்டார். கியூபாக்காரர்களே மூன்று வீடு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

சலங்கை (சென்னை):

நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறவ. பாலே கெட்டுப்போகுமேன்னு நீங்க கவலைப்படறீங்க சார். எனக்கு அந்தக் கவலை இல்ல. பாலேவுக்குக் கட்டடம் இருக்கு, பணம் இருக்கு, அரசாங்க ஆதரவு இருக்கு. அதுக்குள்ள போற சின்ன ஆட்டம் என்ன ஆகுதுங்கறதுதான் என் கேள்வி.

ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டஸ் கார்சியான்னு ஒருத்தர். ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பிறந்த ஃப்ளமெங்கோ ஆட்டக்காரர். தியாகிலெவ் அவரைத் தன் ருஷ்ய பாலே குழுவில் சேர்த்துக்கிட்டார். எதுக்கு? குழுவின் நட்சத்திரம் மசீனுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க. 1919இல் லண்டன்ல 'முக்கோணத் தொப்பி'ங்கற பாலே அரங்கேறிச்சு. ஃபாயாவின் இசை, பிக்காசோவின் திரைச்சீலை, எல்லாம் அமர்க்களம். மேடை நடுவுல நின்னு ஃபர்ரூக்காங்கற ஃப்ளமெங்கோ ஆட்டத்தை ஆடினவர் மசீன். சொல்லிக்கொடுத்த ஃபெலிக்ஸ், தானே ஆடப்போறோம்னு நம்பியிருந்த மனுஷன், புத்தி பேதலிச்சு ஒரு சர்ச்சுக்குள்ள பீடத்துக்கு முன்னாடி ஆடிட்டு இருந்தப்போ பிடிச்சாங்க. இங்கிலாந்து மனநோய் ஆஸ்பத்திரியிலேயே இருந்து 1941இல் செத்துப்போனார்.

இதை என் மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்குது. கலப்புன்னு சொல்றீங்களே, கத்துக்கொடுத்தவர் பேர் எந்த வரியில் வருதுன்னு முதல்ல பாருங்க.

அப்புறம், வெள்ளை அங்கத்துல யாரும் கை வைக்கலன்னு எழுதியிருக்கீங்க. 'ஜிசேல்' கதையை அமைச்சதுல ஒருத்தர் தியோஃபில் கோத்தியே. 1838இல் நம்ம கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்துலேர்ந்து தேவதாசிகள் பாரிசுக்குப் போய் ஆடினாங்க இல்லையா? அதைப் பார்த்து மயங்கி எழுதினவரும் இவரேதான். மூணு வருஷம் கழிச்சு 1841இல் வந்த 'ஜிசேல்' மூல உரையில், அதே இரண்டாம் அங்கத்துல, ஆவிகள் ஒவ்வொருத்தியா வர்றாங்க. மொய்னா, துருக்கி அந்தப்புரத்துப் பெண். அடுத்து ஜூல்மே, இந்தியத் தாசி, 'இந்திய நிலைகள்' காட்டுறா. பிறகு ரெண்டு பிரெஞ்சுக்காரிகள் மினுவே ஆடுறாங்க, ரெண்டு ஜெர்மன்காரிகள் வால்ஸ் ஆடுறாங்க. நீங்க கோயில் கருவறை மாதிரி நினைக்கிற இடத்திலேயே பிறக்கும்போது எல்லாம் கலந்துதான் இருந்திருக்கு.

ஐந்தாம்நிலை:

சலங்கை அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மொய்னா, ஜூல்மே பெயர்களை நடிகர் பட்டியலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ராணி மிர்த்தாவின் இரண்டு தோழிகள் என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்வார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெள்ளை அங்கம் பற்றி நான் எழுதியது தவறு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இன்று ஜூல்மே ஆடுவதில் இந்தியா எங்கே? ஒரு கை நிலைகூட இல்லை. மற்ற ஆவிகள் ஆடும் அதே பாலேதான். பெயர் மட்டும் மிச்சம். பாலேவுக்குள் போன எதுவும் கடைசியில் பாலேவாகத்தான் வெளியே வருகிறது. அதற்குத்தான் கேட்கிறேன், ரும்பாவை ஏன் அதற்குள் அனுப்ப வேண்டும்?

தாளக்கட்டு (திருச்சி):

நான் கஞ்சிரா வாசிக்கிறவன், நடனம் தெரியாது. காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கியூப இசையில் கிளாவே என்று இரண்டு குச்சி தட்டுவார்கள். ஒரு பாதியில் மூன்று தட்டு, மறு பாதியில் இரண்டு. பாட்டு, முரசு, கால் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. பழைய 'சோன்' ஆட்டத்தில் ஆடுகிறவர் பலமான அடியில் கால் வைப்பதில்லை, அதைத் தள்ளி வைத்துத் தொடங்குகிறார். நம் பாட்டில் எடுப்பு, அதாவது பாட்டுத் தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்தில் இல்லாமல் தள்ளி வருமே, அந்தச் சுகம். சமத்தைக் காலால் மிதித்துக் காட்டக் கூடாது, மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

பாலே வகுப்பில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணி, ஒன்றில் ஏறுகிறார்கள் அல்லது ஒன்றில் இறங்குகிறார்கள். நண்பர் பார்த்த பிள்ளைகளும் காங்கா ஒலித்தபோது எட்டு எண்ணித்தான் ஆடியிருப்பார்கள். இடுப்பு ஆடியிருக்கும், தாளம் வந்திருக்காது. கலப்பது என்றால் முதலில் காதைக் கலக்க வேண்டும். ஆறு மாதம் கிளாவேயோடு கைதட்டிப் பாடவைத்துவிட்டுப் பிறகு காலுக்கு வரட்டும்.

கடலோரக்காற்று:

தாளக்கட்டு அண்ணை சொன்னதுதான் விசயம். கியூபாவில மத்தன்சாஸ் எண்ட ஊரில ஒரு வீட்டு முற்றத்தில மரப்பெட்டி தட்டி ரும்பா ஆடினதைப் பார்த்தனான். முந்தித் துறைமுகத் தொழிலாளர் சரக்குப் பெட்டிகளைத்தான் முரசாக்கினவையாம். ஒரு வயசான அம்மா 'யம்பூ' ஆடினவ, மெதுவான ரும்பா. பாதம் தரையை விட்டு ஒரு விரல்கூட எழும்பயில்லை, ஆனால் தோள்பட்டை வரைக்கும் தாளம் ஏறி வந்தது.

சலங்கை அக்கா, ஃபெலிக்ஸின்ர கதை நெஞ்சை உலுக்குது. ஆனால் அது வெளியில இருந்து வந்து எடுத்துக்கொண்டு போன கதை. உள்ள பிறந்தவை செய்யிறதையும் பாருங்கோ. கார்லோஸ் அகோஸ்தா ஹவானாவில லொறி ஓட்டினவரின்ர மகன். தெருவில பிரேக் டான்ஸ் ஆடித் திரிஞ்ச பொடியன். 1990இல சுவிசில நடக்கிற லொசான் பாலே போட்டியில தங்கம் எடுத்து, பிறகு லண்டன் ரோயல் பாலேயில முதல்நிலை ஆட்டக்காரர் ஆனவர். அவர் 2003இல 'தொக்கொரோரோ'வைச் செய்து முதலில ஹவானாவில மேடையேத்தினவர். பாலே படிச்ச நாட்டுப்புறப் பொடியன் ஒருத்தன் நகரத்துத் தெரு ஆட்டக்காரரிட்டப் போய் நிக்கிற கதை. அங்க பாலேதான் விருந்தாளி. அதுதான் எனக்குப் பிடிச்சது.

ஆர்ஜென்டினாவிலயும் இருக்கு. இசையமைப்பாளர் கினஸ்தேராவின்ர 'எஸ்தான்சியா', 1941இல எழுதினது, அது பாலேயா மேடையேறினது 1952இல புவெனஸ் அயர்ஸ் கொலோன் அரங்கில. பண்ணை வேலை தெரியாத நகரத்துப் பொடியனைப் பண்ணைப் பெண் மதிக்கமாட்டாள். அவன் அந்த வேலையைப் பழகி, கடைசியா மாட்டுக்காரரோட நிண்டு 'மலம்போ' ஆடிக்காட்டத்தான் வேணும். சப்பாத்துக் காலால தரையை மிதிச்சு ஒருத்தரை ஒருத்தர் வெல்லுற போட்டி ஆட்டம் அது. கதையே படிச்சுக்கொண்டு வா எண்டு கேக்குது.

சலங்கை:

தம்பி, அகோஸ்தாவை நானும் மதிக்கிறேன். ஆனா 'உள்ளே பிறந்தவை'ன்னு அவ்வளவு சுலபமா சொல்லிடாதீங்க. அலிசியா சின்னப் பிள்ளையா பாலே படிச்ச இடம் ஹவானா மேல்தட்டுப் பெண்கள் நடத்தின இசைச் சங்கத்தோட பள்ளி. ரும்பா கறுப்புத் தொழிலாளிகளோட துறைமுகம், முற்றம். ஒரே தீவுங்கறதால ஒரே வீடு ஆகிடாது.

எங்க கதையும் அதுதான். ருக்மிணி தேவி, ருஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா குழுவிலிருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டாங்க. பாவ்லோவாவே உங்க மண்ணு ஆட்டத்தைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. 1936இல் கலாக்ஷேத்திரா வந்தது. மேடையும் உடையும் ஒழுங்கும் அழகா அமைஞ்சது. அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையா வச்சிருந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்த மேடையில் நின்னாங்கன்னு இன்னைக்கும் வாக்குவாதம் நடக்குது. நான் அந்தப் பாணியிலேயே வளர்ந்தவ, அதுக்காக அந்தக் கேள்வியை விட்டுட முடியாது.

அதனால என் நிலை இது. கலக்கட்டும். ஆனா முற்றத்துல ஆடின அந்த அம்மாவை வகுப்புக்கு ஆசிரியரா கூப்பிடுங்க, சம்பளம் கொடுங்க, நிகழ்ச்சித் தாள்ல முதல் பேரா போடுங்க. முடியாதுன்னா காங்காவைத் தொடாதீங்க.

மீனா_மதுரை:

எனக்கு எந்த ஆட்டமும் தெரியாது, தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் இடுப்பு இடுப்புன்னு சொல்றீங்க. ரும்பால இடுப்பை எப்படித்தான் ஆட்டுறாங்க?

கடலோரக்காற்று:

நல்ல கேள்வி தங்கச்சி. அவை இடுப்பை ஆட்டிறதில்லை! முழங்கால்தான் வேலை செய்யிறது. முழங்காலை மடக்கின மாதிரியே பாதத்தை வையுங்கோ, எடை இன்னும் மற்றக் காலிலதான். பிறகு மெதுவா எடையை மாத்திக்கொண்டு அந்த முழங்காலை நிமிர்த்துங்கோ. மற்ற முழங்கால் தானா மடங்கும். அப்ப இடுப்பு தன்பாட்டில பக்கத்துக்குப் போகும். இடுப்பை வேணுமெண்டு தள்ளினால் அது சினிமா ஆட்டமாப் போயிடும்.

ஐந்தாம்நிலை:

மேலே சொன்னதைச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு செய்துபார்த்தேன். அரை மணி நேரம். எனக்குப் பழகியது நேர் எதிர், நீட்டிய காலில் ஏறி நின்ற பிறகுதான் மற்றது. மடக்கிய காலை வைத்ததும் உடம்பு முழுக்க மேலே இழுக்கிறது, குதிகால் தரையில் தங்கவே மாட்டேன் என்கிறது.

ஜிசேலுக்குள் காங்கா வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. 'எஸ்தான்சியா' போல அதற்கென்றே எழுதப்பட்ட படைப்பு என்றால் எதிர்க்க மாட்டேன், சலங்கை அம்மா வைத்த நிபந்தனையோடு. அந்தப் பள்ளிக்குக் கடிதம் எழுதுகிறேன். அந்த நாலு அடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவர் யாரிடம் கற்றார் என்று மட்டும் கேட்கப்போகிறேன்.

கடலோரக்காற்று, குதிகால் எப்போது தரையைத் தொட வேண்டும்?

கடலோரக்காற்று:

குதிகாலை மறந்துவிடுங்கோ ஐயா. மூச்சை வெளியில விட்டுக்கொண்டு எடையை மாத்துங்கோ, அது தானா இறங்கும். மேடையைப் பிடிச்ச கையையும் விடுங்கோ, அதுதான் உங்களை மேல இழுக்குது.