மூன்று ஊர், ஒரே ஓடை: கூட்டுத் தீர்மானம் எழுத உதவி தேவை

வணக்கம். நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில் வசிக்கிறேன். எங்கள் ஊர்க் கிணறு ஓடையை ஒட்டியது. ஜூலையில் பரிசோதித்தபோது லிட்டருக்கு 58 மில்லிகிராம் நைட்ரேட் (உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் நீரில் கலக்கும் நைட்ரஜன் சேர்மம்). நவம்பர் மழைக்குப் பிறகு 71. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 45. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதனால்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நைட்ரேட்டால் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்; இந்தத் தண்ணீரில் அவர்களுக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகள் நான்கு. எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேலே இரண்டு ஊர்களின் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் செங்குத்துச் சரிவில் இருக்கின்றன. யூரியா போட்ட மறுநாள் மழை பிடித்தால் பெரும்பகுதி ஓடைக்குத்தான். கற்களில் பச்சைப் பாசி தலைமுடி போல நீண்டு கிடக்கிறது. வீட்டுக் கழிவுநீரும் கலக்கிறது.

கிணற்றைத் தூர்வாரினோம். குளோரின் போட்டோம்; அது கிருமிக்கு, நைட்ரேட்டுக்கு அல்ல. கிராம சபையில் மனு கொடுத்தோம், எல்லைக்கு வெளியே என்று சொல்லிவிட்டார்கள். மேலே உள்ள அந்த இரண்டு ஊர்களின் விவசாயிகளிடம் நேரில் பேசினேன். உரத்தைப் பிரித்துப் போடச் சிலர் சம்மதித்தார்கள். "நாங்கள் மட்டும் குறைத்தால் போதுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் 1996இல் உள்ளாட்சிகளும் தொழிற்சாலைகளும் கூட்டமைப்பாகச் சேர்ந்து நைட்ரஜனைக் கட்டுப்படுத்தின. நைட்ரஜன் மிகுதியால் அழிந்துவந்த கடற்புல் அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு மீண்டது. மூன்று ஊர் நாம் சேர முடியாதா?

ஒரே நீரோடைக்காகப் பல ஊராட்சிகள் சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானத்தின் மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?