பழைய கார் விவரத்தில் இரண்டு பிஎஸ், எது சரி? அவசரம்

பாம்பன்_கரை: அண்ணன்மாரே, நாளைக் காலை ராமநாதபுரம் போய் ஒரு காருக்கு முன்பணம் கொடுக்கிறேன். தரகர் வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டி அனுப்பிய விவரத்தில் ஓரிடத்தில் பிஎஸ் 6, இன்னோரிடத்தில் 100 பிஎஸ் என்று இருக்கிறது. எது சரி? டிபிஎஃப், ஜிவிடபிள்யூ என்றும் போட்டிருக்கிறார்.

தொண்டி_ஓட்டுநர்: பெட்ரோலா டீசலா? எந்த வருட வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? எதையும் சொல்லவில்லையே தம்பி.

பழைய_கியர்: அரிச்சுவடி தெரியாமல் லட்சக்கணக்கில் பணத்தோடு கிளம்பிவிடுகிறீர்கள். இரண்டுமே சரி. ஒன்று பஸ்ஸில் வரும் பி, மற்றது பம்பில் வரும் பி. முதலாவது பாரத் ஸ்டேஜ், புகை விதி. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க ஆறாம் கட்டம். ஐந்தைத் தொடாமலே நாலிலிருந்து தாவினார்கள். இரண்டாவது ஜெர்மன்காரன் வைத்த குதிரைத்திறன். 100 பிஎஸ் என்பது ஆங்கிலேயர் குதிரைத்திறனான பிஹெச்பியில் 98.6. இதை நூறு முறை எழுதியாயிற்று.

கீழக்கரை_நிலா: ஜிவிடபிள்யூ என்பது ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து வண்டி தாங்கும் மொத்த எடை. அதில் வெறும் வண்டி எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும்.

மண்டபம்_பட்டறை: 100 பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் கணக்கு, எவ்வளவு?

பாம்பன்_கரை: 4000 அண்ணே.

மண்டபம்_பட்டறை: அப்போது டீசலாகத்தான் இருக்கும். பெட்ரோல் என்றால் பெரும்பாலும் 5000க்கு மேல் போகும். டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் மட்டும் போய்வந்தால் சூடு போதாது, அடைத்துக்கொள்ளும். அப்புறம், சிலர் அதைக் கழற்றியே விடுகிறார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும்.

தொண்டி_ஓட்டுநர்: அதைவிட அடிப்பக்கத் துருவைப் பார். நம் உப்புக் காற்றுக்கு ரப்பர் கோட்டிங் அடிக்காத வண்டி நிற்காது.

கீழக்கரை_நிலா: அந்தக் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே துரு தின்றுவிடும் அண்ணே. எங்கள் வீட்டு வண்டியில் தகடே உதிர்ந்தது. நல்ல தண்ணீரில் வாரம் ஒருமுறை அடியைக் கழுவினால் போதும்.

தொண்டி_ஓட்டுநர்: நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கவே குடம் விலைக்கு வாங்குகிறோம். போர் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு.

பழைய_கியர்: கோட்டிங் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள்.

பாம்பன்_கரை: காலையில் போய் சைலன்சரைத் துடைத்துப் பார்த்தேன். விரல் முழுக்கக் கரி. முன்பணம் கொடுக்கவில்லை. நன்றி அண்ணே.

தொண்டி_ஓட்டுநர்: அடிப்பக்கம் எப்படி இருந்தது தம்பி?