ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் சாய்கிறது: லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வைத்திருப்போரின் அனுபவங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அப்பா விட்டுச்சென்ற எல்ஐ 150 லாம்பிரெட்டாவில், முன்காலின் அடியையும் சக்கர அச்சையும் இணைக்கும் லிங்க்குகளில் இடப்பக்கத்தது மட்டும் மேலேறி நின்ற கதையை எழுதாமல் மனம் அடங்கவில்லை. பினாங்குப் பாலத்தில் போகும்போது ஹேண்டில் வலப்பக்கமே இழுக்கும், 13.5 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் கை மரத்துப்போகும். அமுங்கியிருப்பது இடப்பக்கம் என்பதால் இடப்பக்க ஸ்பிரிங்தான் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதை மட்டும் புதிதாக மாற்றினேன். ஒரு பலனும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை வண்டியில் உட்காரவைத்து, வாசலில் படுத்தபடி கவனித்தேன். அவள் ஹேண்டிலை அழுத்தும்போதெல்லாம் இடது லிங்க் ஏறி இறங்கியது. வலது லிங்க் இம்மியும் அசையவில்லை. ஐந்தாவது அழுத்தலிலோ ஆறாவதிலோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. லிங்க் போல்ட்டின் ஓரத்திலிருந்து செங்காவி நிறத் துருத்தூள் வெள்ளைத் தரை ஓட்டில் உதிர்ந்தது. பழைய கிரீஸ் காய்ந்து, வலப்பக்க லிங்க் போல்ட்டும் அதைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்ஷும் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தன. பழுதான பக்கம் விறைத்து நிற்க, நல்ல பக்கம் சுமை முழுவதையும் தாங்கிக் குனிந்திருக்கிறது. இதை எட்டு மாதம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

செந்தூல், கோலாலம்பூர்

ஆயர் ஈத்தாம் நண்பர் குறையைக் கண்டுபிடித்தது சரி. ஒரு பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. லாம்பிரெட்டாவின் முன்பக்கத்தில் இரண்டு கால்களுக்குள்ளும் தனித்தனி ஸ்பிரிங் இருக்கிறது. அவற்றுக்கு நடுவே அச்சைத் தவிர வேறு இணைப்பு இல்லை. ஆகவே ஒன்று புதிதும் மற்றொன்று பழையதுமாக இருந்தால் சக்கரம் சாயத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் ஒருவர், தம்முடைய வெஸ்பாவில் இந்தத் தொல்லையே இல்லை என்று சொன்னார். வெஸ்பாவின் சக்கரத்தை ஒரே பக்கம்தான் தாங்குகிறது என்பதால் அந்த ஒப்பீடே பொருந்தாது.

ஜோடியாக வாங்கினாலும் நம்பிவிடக் கூடாது. இத்தாலியின் இன்னொசென்ட்டி நிறுவனம் 1971-இல் லாம்பிரெட்டா தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இப்போது கிடைக்கும் ஸ்பிரிங்குகள் பல கைகள் செய்தவை. ஒரே உறையிலிருந்து எடுத்த இரண்டு ஸ்பிரிங்குகளை கடையின் கண்ணாடி மேசைமேல் நிற்கவைத்தபோது, ஒன்று மற்றதைவிட ஆறு மில்லிமீட்டர் குட்டையாக நின்றது. கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவற்றை உறைக்குள் திருப்பிப் போட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

பாலிக் பூலாவ், பினாங்கு

என் அனுபவம் சிறியது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போதே லிங்க் போல்ட்டைக் கழற்றினேன். லிங்க் துள்ளி என் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்தது. யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு லிங்க்குகளையும் மரையிட்ட கம்பிகளால் சரிசமமாக மேலே இழுத்துப் பிடித்து, போல்ட்டின்மீது அழுத்தம் நீங்கிய பிறகே அதை உருவ வேண்டும். பிறகு கம்பிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அதற்கும் முன்னால், எதையும் பிரிக்காமல், சமமான தரையில் டயர்க் காற்றைச் சரிபார்த்து, ஒருவரை உட்காரவைத்து, வண்டியை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அச்சின் நடுவிலிருந்து தரைவரையும் லிங்க் போல்ட்டின் நடுவிலிருந்து தரைவரையும் இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிரித்த பின் இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஸ்பிரிங்கில் இருக்கிறது; மாறாவிட்டால் லிங்க், புஷ், ஸ்பிரிங்கைத் தள்ளும் தண்டு, தேய்ந்த ரப்பர் தாங்கி, வளைந்த கால் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். செந்தூல் ஐயா ஸ்பிரிங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறார். ஸ்பிரிங் மட்டுமே காரணமாக இருந்த வண்டியை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறை

எனக்கு நேர்ந்தது வளைந்த லிங்க். மழைநீர் மூடிய குழியில் இறங்கிய பிறகு சக்கரம் சாய்ந்தது. புது ஸ்பிரிங், புது புஷ் என்று எதற்கும் அது மசியவில்லை. இரண்டு லிங்க்குகளையும் அலமாரிக் கண்ணாடிமேல் படுக்கவைத்தேன். ஒன்று அசையாமல் கிடந்தது. மற்றது விரல் பட்டதும் கண்ணாடியில் தட்டித் தட்டி ஆடியது.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

செந்தூல் நண்பர் சொன்னது உண்மை. நேற்று இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி நிற்கவைத்தேன். நான் வாங்கிய புதியது ஏழு மில்லிமீட்டர் உயரமாக இருக்கிறது. புஷ்ஷைச் சரிசெய்த பின் ஹேண்டில் லேசாக இடப்பக்கம் இழுப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும். ஜோடிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் கண்ணாடிமேல் நிற்கவைத்து, பாலிக் பூலாவ் நண்பர் சொன்னபடி இடம் மாற்றியும் போட்டு, இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுகிறேன்.