பூங்காவில் 70 வயதுக்காரருக்கு எது உதவும்: ஏர் வாக்கரா, பெஞ்சா?

கேள்வி:
அப்பாவுக்கு 70. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். அப்புறம் பூங்காவில் ஏர் வாக்கரில் (மிதிகளில் நின்று கால்களை முன்னும் பின்னும் வீசும் கருவி) பத்து நிமிடம். இருந்தும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. எதை மாற்றலாம்?

பதில் 1:
ஏர் வாக்கரில் கால் ஊஞ்சல் மாதிரி தானாக ஆடுகிறது, தசைக்குச் சுமை ரொம்பக் குறைவு. கை கம்பியைப் பிடித்திருப்பதால் சமநிலைக்கும் பெரிதாக வேலை கிடையாது. இடுப்பு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். மிதி முழுக்க நிற்கும் முன் இறங்கினால் ஆபத்து வேறு.

பெஞ்சே போதும். முன் விளிம்பில் உட்காரட்டும். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். சாயாமல் நேராகக் கிளம்பப் பார்ப்பதால்தான் பலருக்கும் கை தேவைப்படுகிறது. எழும்போது மூச்சை வெளியே விடட்டும், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்கணும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு.

8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. ஒருநாள் விட்டு ஒருநாள். கை ஊன்றாமல் வரவில்லையா? இன்னும் உயரமான பெஞ்சில் தொடங்குங்கள். 12 தடவை சுலபமானதும் தாழ்வான பெஞ்சுக்கு மாறலாம்.

பதில் 2:
சமநிலையை விட்டுவிடாதீர்கள். 65 வயது தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். நடை மட்டும் அதை ஈடுகட்டாது.

கைப்பிடிக் கம்பி ஓரமாக, ஒரு காலின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். 10 விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் முன்காலைப் பாதி பாதம் பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் அகட்டித் தொடங்கட்டும். கை கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கணும், பிடிக்கக் கூடாது. புல்தரையில் இதெல்லாம் அப்புறம். முதலில் காய்ந்த, கெட்டியான தரை. ப்ரோக்ரஸிவ் கண்ணாடி (மேல்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி படிக்கவும் உள்ள மூக்குக்கண்ணாடி) போட்டிருந்தால் படி இறங்கும்போது கவனம், அதன் கீழ்ப்பகுதியில் படி மங்கலாகத் தெரியும்.

கேட்டவர்:
நன்றிங்க. கெண்டைக்கால் ரொம்ப இறுக்கம். நடப்பதற்கு முன்னாலேயே நீட்டலாமா?

பதில் 1:
நடந்து உடம்பு சூடான பிறகுதான். பெஞ்சின் முதுகைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தணும். பின்பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுப்பு கெண்டையில் விழாது. விரல்கள் நேராகப் பெஞ்சைப் பார்க்கட்டும். 30 விநாடி, காலுக்கு 3 முறை. குலுக்கல் வேண்டாம்.

பதில் 3:
பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? பெஞ்சிலிருந்து எழுந்ததும் பத்து எண்ணிவிட்டு நடக்கட்டும், சிலருக்குச் சட்டென்று தலை சுற்றும். நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்தால் அன்றைக்குப் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, தாமதிக்காமல் மருத்துவ உதவி தேடுங்கள்.