பண்பாடு, சமூகமயமாதல், சமூகக் கட்டமைப்பு: மூன்றையும் ஒரே உதாரணத்தில் யாராவது விளக்க முடியுமா?

கேள்வி: வைகைக்கரைப் பெண்

தொலைதூரக் கல்வியில் சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். பகலில் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை, இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகம். முதல் தாளிலேயே மாட்டிக்கொண்டேன். பண்பாடு என்றால் மனிதன் கற்றுக்கொண்ட நடத்தை என்கிறது புத்தகம். சமூகமயமாதல் என்றால் அந்தப் பண்பாட்டைக் கற்றுக்கொள்வது. சமூகக் கட்டமைப்பு என்றால் அந்த விதிகளால் ஒழுங்குபட்ட உறவுகள். மூன்றையும் சேர்த்து வாசித்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறேன். மானிடவியலாளர் டைலர் 1871இல் சொன்ன வரையறை மனப்பாடமே ஆகிவிட்டது: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாம் சேர்ந்த முழுமைதான் பண்பாடு. அப்படியென்றால் எதுதான் பண்பாடு இல்லை?

பரீட்சைக்கு எழுதிவிடுவேன், அது பிரச்சினை இல்லை. எனக்கு நிஜமாகவே புரிய வேண்டும். வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். நம் வீட்டில் நடக்கிற ஏதாவது ஒன்றை எடுத்து, இதில் இது பண்பாடு, இது கட்டமைப்பு என்று யாராவது பிரித்துக் காட்டுங்கள்.

பதில்: கண்மாய்க்கரை

நல்ல கேள்வி. மூன்றும் மூன்று தனிப் பொருள்கள் இல்லை, ஒரே நிகழ்ச்சியை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அதனால்தான் வரையறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

காதுகுத்து விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சித்தப்பா எவ்வளவு பாசமாக இருந்தாலும் அவர் மடி ஆகாது. ரத்தத்தில் பார்த்தால் அப்பாவின் தம்பியும் அம்மாவின் தம்பியும் குழந்தைக்கு ஒரே தூரம். ஆனால் நமக்கு ஒருவர் சித்தப்பா, இன்னொருவர் மாமா. சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண். இப்படிப் பிரிக்கச் சொல்வது உடம்பு இல்லை, பண்பாடு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள்ளும் கூடாது, அண்ணன் தங்கை பிள்ளைகளுக்குள்ளும் கூடாது என்று இரண்டையும் ஒன்றாகத்தான் தடுக்கிறது. வழக்கம் இருந்தால் செல்லும் என்று ஒரு விலக்கு இருக்கிறது. மாமன் மகள் கல்யாணம் செல்லுபடியாவது அந்த விலக்கில்தான். (மார்கன் என்ற அமெரிக்கர் செனகா பழங்குடி மக்களின் உறவுச் சொற்களைச் சேகரித்தவர். தமிழ் உறவுச் சொற்களும் ஏறக்குறைய அதே விதியில் அமைந்திருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டுப் பெரிய ஒப்பீடே எழுதினார். அதுவும் உங்கள் டைலர் வரையறை வந்த அதே 1871இல்தான் வெளிவந்தது.)

சமூகமயமாதலுக்கு வருகிறேன். என் தங்கை மகளுக்குக் காது குத்தும்போது ஒன்றரை வயது. என் மடியில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை போட்ட தலையில் சந்தனம் காயவில்லை, என் வேட்டி முழுக்க வாழைப்பழப் பிசுக்கு. ஆசாரி காதைத் தொட்டதும் அவள் வீறிட்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி: "மாமன் என்ன போட்டான்?" முதலில் தங்கை பதில் சொன்னாள். நான்கு வயதில் குழந்தையே காதைத் தொட்டுக் காட்டி "தோடு போட்டாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கேட்டவர்கள் முகம் மலர்வதையும் பார்த்தாள். யாரும் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. மற்றவர் முகத்தைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டுதான் நாம் நம்மைத் தெரிந்துகொள்கிறோம் என்று 1902இல் சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சொன்னது இதைத்தான். மாமன் செய்வான், அது பெருமை, மாமன் வராவிட்டால் அவமானம் என்ற மூன்றும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுக்குள் போய்விட்டன. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பத்து வயதில் தங்கையோடு சண்டை போட்டால் அம்மா சொல்வது, "நாளைக்கு அவளுக்குச் செய்ய வேண்டியவன் நீ." செய்ய வேண்டியவன் என்று சொன்னார்களே தவிர, நிலத்தில் அவளுக்கும் பாதி இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கட்டமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லையென்றால் என்ன செய்கிறார்கள்? காதுகுத்து நின்றுவிடுவதில்லை. அம்மாவின் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ வந்து அந்த இடத்தில் உட்காருகிறார், அவரே சீரும் செய்கிறார். ஆள் மாறினாலும் தாய்மாமன் என்ற இடம் நிற்கிறது, அந்த இடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் நடுவே உள்ள கொடுக்கல் வாங்கலும் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களின் வலையைத்தான் கட்டமைப்பு என்கிறோம். மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் சமூகக் கட்டமைப்பைப் பற்றி விரிவாகப் பேசியவர். அதற்கு முன்பே 1924இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? தென்னாப்பிரிக்கத் தாய்மாமன்களைப் பற்றி!

இதே வலையில் இன்னொன்றும் ஓடுகிறது. நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. மகள் வெளியே போகிறாள். நிலத்தை வைத்திருப்பவன் வாழ்நாள் முழுக்க அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சீர் செய்துகொண்டிருக்கிறான். காதுகுத்துக்குத் தோடு, வயதுக்கு வந்தால் பச்சை ஓலைக் குடிசையும் பட்டுப்புடவையும், கல்யாணத்துக்கு மாலை, வருஷா வருஷம் பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. 1949, 50இல் உங்கள் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனும் இதைத்தான் கவனித்தார். கல்யாணத்தில் உண்டான சம்பந்தம் ஒரு தலைமுறையோடு முடியாமல் மாமன் சீராக அடுத்த தலைமுறைக்கும் தொடர்கிறது என்பது அவர் வாதம்.

வைகைக்கரைப் பெண்:

ரொம்ப நன்றி அண்ணா. இடம் நிற்கிறது என்று சொன்னீர்களே, அதில்தான் பிடி கிடைத்தது. ஆனால் ஒரு சந்தேகம். பெண்களுக்குச் சமபங்கு என்று சட்டமே வந்துவிட்டது. அப்படியென்றால் கட்டமைப்பு மாறிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: முத்திரைத்தாள்

பத்திரம் எழுதுகிற வேலை என்னுடையது, இருபது வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் இருக்கிறேன். அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989 மார்ச் 25 முதல். அதுவும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தாது. மத்திய சட்டம் 2005 செப்டம்பர் 9இல் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை, மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

இனி நடப்பதைச் சொல்கிறேன். அப்பா இறந்து சில மாதத்தில் அண்ணன் தம்பிகள் வருவார்கள். கூடவே அக்கா தங்கைகள். எழுத வேண்டியது விடுதலைப் பத்திரம். "இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை" என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் வாசித்துக் காட்டுவேன். பாதிப் பேர் காது கொடுக்க மாட்டார்கள், "அண்ணன் சொன்னா சரிங்க" என்பார்கள். போன மாதம் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், நான் வாசிக்கும்போது "நாலு பக்க எல்லையும் படிங்க" என்றார்கள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நிலம் என்று படித்தேன். கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சின்ன வயதில் அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகினார்களாம். அப்புறம் விரலை நீட்டிவிட்டார்கள். முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் ஒரு புடவைப் பையைக் கொடுத்தார், அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

யாரும் அவர்களை மிரட்டவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டம் மாறினால் கட்டமைப்பில் ஒரு தூண் மாறியது என்று எழுதுங்கள் பாப்பா. வீடே மாறிவிட்டது என்று எழுதாதீர்கள்.

பதில்: பனங்காணி

நான் யாழ்ப்பாணம். நீங்கள் சொல்வதை வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் மொழி ஒன்று, மாமாவை அம்மான் என்றும் சொல்வோம், மச்சான் மச்சாள் முறை எல்லாம் அதேதான், ஆனால் காணி போகும் வழி வேறு.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கலியாணத்துக்கு முதலே வீடு வளவைச் சீதனமாக எழுதுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பதும் சாதாரணம். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சொத்தே முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று பிரிந்திருக்கிறது. அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கப்பட்டது. சீதனம் வாங்கிப் போன மகள் தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதாவது உங்கள் ஊர் விடுதலைப் பத்திரம் செய்கிற வேலையை இங்கே சீதன உறுதியே (சீதனப் பத்திரமே) செய்துவிடுகிறது, ஆனால் கையில் ஒரு வீட்டைத் தந்துவிட்டுச் செய்கிறது.

இதைக் கேட்டு எங்கள் பெண்களுக்கு எல்லாம் நல்லாயிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதி. வீடு அவள் பெயரில், பேனா அவன் கையில். இன்னொரு பக்கம் அண்ணன்மார் படும் பாடு. என் மூத்த அண்ணன் வெளிநாட்டில் பனியில் நின்று உழைத்து மூன்று தங்கச்சிமாருக்கும் சீதன வீடு கட்டிவிட்டு, நாற்பது தாண்டித்தான் தான் கலியாணம் செய்தார். எப்பவாவது சலித்துக்கொண்டதுண்டா என்று கேட்டேன். "அது என்ர கடமை" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சமூகமயமாதல் என்ற சொல்லை வாசிக்கும்போது எனக்கு அவருடைய குரல்தான் கேட்கும்.

ஆகவே தங்கச்சி, பரீட்சையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உறவுச் சொற்கள் ஒன்றாக இருந்தால் கட்டமைப்பும் ஒன்றாக இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள்.

பதில்: ஒத்தையடி

எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, இந்த உதாரணம் முழுக்க நிலம் இருக்கிற குடும்பத்தின் கதை. என் பாட்டி நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டில் விடுதலைப் பத்திரம் எழுத ஒரு சென்ட் கூட இருந்ததில்லை. ஆனாலும் மாமன் சீர் இருந்தது, கடன் வாங்கியாவது செய்தார்கள். வாங்கிய கடன் பெரும்பாலும் அதே நிலக்காரரிடம். கட்டமைப்பு என்றால் அண்ணன் தங்கையோடு நின்றுவிடாது. எந்தச் சாதியிடம் நிலம் இருக்கிறது, யார் யாரிடம் கூலிக்குப் போகிறார்கள் என்பதுதான் எங்கள் ஊரில் முதல் கட்டமைப்பு, உறவுமுறை அதற்குள்தான் நடக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

இரண்டாவது, வளர்த்தபடியே எல்லோரும் நடந்துகொள்வதாகப் பேசுகிறோம். மனிதனை அப்படி முழுக்கச் சமூகம் வார்த்தெடுத்த பொம்மையாகப் பார்க்கக் கூடாது என்று சமூகவியலாளர் டென்னிஸ் ராங் 1961இலேயே கண்டித்தார். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், எங்கள் தெருவிலேயே, பங்கைக் கேட்டு வாங்கினார். இரண்டு வருஷம் அண்ணன் பேசவில்லை. மூன்றாவது பொங்கலுக்குக் கரும்போடு வந்து நின்றார். பங்கு கேட்டால் உறவு அறுந்துவிடும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் உண்மையாவதில்லை. கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

கண்மாய்க்கரை:

ஒத்தையடி சொன்னது சரி. நிலமில்லாத வீடுகளை நான் யோசிக்கவே இல்லை, என் வீட்டை வைத்தே எல்லா வீட்டையும் பார்த்துவிட்டேன். இன்னொன்று. என் தங்கையும் எனக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். மேலே அவ்வளவு எழுதியும் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

வைகைக்கரைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் கேட்டேன், இவ்வளவு கிடைத்தது. நோட்டில் மூன்று தலைப்பு போட்டு எழுதிக்கொண்டேன், ஒத்தையடி சொன்ன சாதியும் நிலமும் கட்டமைப்புக்குக் கீழே முதல் வரி.

நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவும் என் மாமாவுக்கு எழுதிக் கொடுத்தவர்தான், எனக்கு அப்போது பத்து வயது. ஏன்மா கையெழுத்துப் போட்டே என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "நாளைக்கு நான் செத்துக் கிடந்தா பொறந்த வீட்டுக் கோடி போட ஆள் வரணும்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டீச்சருக்கு அவங்க அண்ணன் நிஜமாவே கரும்பு கொண்டாந்தாரா? நல்லா கேட்டியா?" என்றார்.

ஒத்தையடி, உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.